மாநிறத் தோலுக்கு மாண்டலிக் ஆசிட் போடலாமா?

"வயசு 26, மாநிறம். பரு அமுங்கினாலும் அந்த கறுப்பு மாசக்கணக்கா போகவே மாட்டேங்குது. கிளைகாலிக் ஆசிட் 10% தினமும் போட்டேன், வாயோரம் எரிஞ்சு இன்னும் கறுத்துப்போச்சு. மாண்டலிக் ஆசிட் சாதுவா இருக்கும்ங்கிறாங்க, போடலாமா டாக்டர்?"

போடலாம்மா, ஆனா முதல்ல அந்த வாயோரம் ஆறட்டும். ரெண்டு மூணு வாரத்துக்கு எந்த ஆசிட்டும் வேணாம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் அவ்ளோதான். வெறும் தண்ணி பட்டாகூட சுரீர்னு எரியுற வரைக்கும் தோல் இன்னும் ஆறலைன்னுதான் அர்த்தம்.

ரெண்டுமே தோல் மேல இருக்கிற செத்த செல்லை உரிச்சு எடுக்குற ஆசிட்தான். மாண்டலிக் ஏன் சாதுன்னா, அதோட மூலக்கூறு பெருசு. கிளைகாலிக்கோட மூலக்கூறு எடை 76, இது 152, சரியா டபுள், அதனால தோலுக்குள்ள மெதுவா, சீரா இறங்கும், எரிச்சலும் கம்மி. நம்ம நிறத்துக்கு இதுதான் முக்கியம், ஏன்னா நம்ம தோல் எரிச்சல் பட்டாலே மெலனினை (தோலுக்கு கறுப்பு தர்ற நிறமி) கூடுதலா கொட்டும், கறுப்பு போகணும்னு போட்டதே உங்களுக்கு கறுப்பா வந்து நின்னது அதனாலதான், உங்க மேல தப்பே இல்ல. 1831ல கசப்பு பாதாம்ல இருந்து கண்டுபிடிச்சது இது, ஜெர்மன்ல மாண்டல்னா பாதாம். அதுக்காக வீட்டு பாதாமை அரைச்சு பூசினா இந்த ஆசிட் கிடைக்காது. எலுமிச்சை சாறு பக்கமே போகாதீங்க, அது தோலை பொசுக்கிடும்.

5% சீரம் வாங்குங்க. முதல்ல காதுக்குக் கீழ தாடையோரம் ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க. அப்புறம் வாரத்துல ரெண்டு ராத்திரி மட்டும், முகம் கழுவி ஈரம் நல்லா காஞ்சப்புறம், வாயோரத்துலயும் மூக்கு மடிப்புலயும் லேசா வாஸ்லின் தடவிட்டு (ஆசிட் போய் தேங்குற இடமே அதுதான்) மூணு நாலு சொட்டு, மேல மாய்ஸ்சரைசர். ஒரு நிமிஷம் லேசா குறுகுறுன்னா பரவால்ல, எரிஞ்சா உடனே கழுவிடுங்க. ரெட்டினால் (வைட்டமின் ஏ சீரம், கிரீம்) போடுற ராத்திரி இது வேணாம். அப்பர் லிப் த்ரெட்டிங் பண்ணா, முன்னாடி பின்னாடி மூணு நாள் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க, இதுல கருகிப்போய் வர்றவங்கள நிறைய பாக்குறேன்.

காலைல சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு. அது இல்லாம இந்த ஆசிட்டே வேணாம். கறுப்பு மங்க ரெண்டு மூணு மாசம் ஆகும், அவசரப்பட்டு தினமும் போட ஆரம்பிச்சுடாதீங்க. பரு உருண்டையா, வலியோட வந்தா மட்டும் சீரத்தை நம்பி உக்காராம நேர்ல வந்து காட்டுங்க.