டோபோ ஷீட் படிப்பது எப்படி? கேள்வி பதில்

ஐயா, டோபோ ஷீட்டில் (நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் வரைபடத் தாள்) பழுப்புக் கோடுகள் நெளிநெளியாக ஓடுகின்றன. எது பள்ளத்தாக்கு, எது முகடு என்றே பிடிபடவில்லை. (கல்லூரி மாணவி)

ஒவ்வொரு பழுப்புக் கோடும் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிறது. முதலில் கோட்டின் மேல் உள்ள எண்ணை, அதாவது அந்த உயரத்தைப் பாருங்கள். எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கோடுகள் அம்புமுனை போல வளையும் இடங்களுக்கு வாருங்கள். முனை உயரமான பக்கம் நீட்டினால் அது ஓடை ஓடும் பள்ளம். தாழ்ந்த பக்கம் நீட்டினால் முகடு. குழம்பினால் அங்கே ஒரு வாளி தண்ணீரைக் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் சேர்ந்தால் பள்ளம், இரு பக்கமும் பிரிந்தால் முகடு.

கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்கிறார்கள். எவ்வளவு செங்குத்து என்று எப்படிச் சொல்வது?

1:50,000 தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். கோட்டுக்குக் கோடு பொதுவாக 20 மீட்டர் ஏற்றம். ஒரு சென்டிமீட்டருக்குள் 5 இடைவெளி இருந்தால், 500 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏறுகிறீர்கள். அதாவது ஐந்துக்கு ஒன்று. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,700க்கு மேல். நடுவில் ஏறக்குறைய 70 கோடுகள்! மலை ரயில் பாதை அவற்றை நேராக வெட்டாமல் சாய்வாக வளைந்து ஏறுகிறது. அப்படியும் சில இடங்களில் ஏறக்குறைய 12க்கு ஒன்று ஏற்றம் வருவதால்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரம் தேவைப்படுகிறது.

எங்கள் ஊர் தாளில் பழுப்புக் கோடே இல்லை. கண்மாயின் ஒரு பக்கம் மட்டும் தடித்த கோடு போட்டு, பக்கத்தில் 4ஆர் என்று எழுதியிருக்கிறது. இதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? (ராமநாதபுரம் விவசாயி)

நல்ல கேள்வி. அந்தத் தடித்த கோடு கண்மாய்க் கரை. 4ஆர் என்றால் சுற்றியுள்ள தரையிலிருந்து கரை 4 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்து அல்ல.

உங்கள் ஊர்போல் தட்டையான நிலத்தில் 20 மீட்டர் கோடு ஒன்றுகூடக் கடக்காமல் பல கிராமங்கள் இருக்கும். அதற்காகச் சரிவே இல்லை என்று ஆகாது. கரை இருக்கும் பக்கம்தான் தாழ்ந்த பக்கம். திறந்திருக்கும் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. கலுங்கு (உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்) எங்கே என்று பார்த்து அங்கிருந்து கிளம்பும் ஓடையைப் பென்சிலால் தொடருங்கள். பெரும்பாலும் அடுத்த கண்மாய்க்குள் போய் விழும். அதன் கலுங்கிலிருந்து அடுத்ததற்கு. இப்படி நாலைந்தைத் தொடுத்தால் நிலம் எந்தத் திசையில் இறங்குகிறது என்று தாளே சொல்லிவிடும். அரையடிச் சரிவையும் கணக்கில் எடுத்துத்தான் நம் முன்னோர் கரை போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சமவெளியில் பழுப்புக் கோடுகளைவிடக் கரைதான் நம்பகமானது.

ஓடைகள் ஏன் கறுப்பு?

தண்ணீர் இல்லாத படுகை கறுப்பு, வற்றாத நீர் நீலம். நம் பக்கத்துத் தாள்களில் கறுப்புதான் அதிகம்.

அண்ணா, ஒரு மனை பார்த்திருக்கிறேன். போன் ஆப்பில் மனை 11 மீட்டர், ரோடு 10 மீட்டர் என்று காட்டுகிறது. மேடு என்று நம்பி வாங்கலாமா?

வேண்டாம். இணையத்தில் புழங்கும் உயரத் தரவுகளில் பல, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்ததிலிருந்து வந்தவை. சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே எண். மரத்தின் தலையும் வீட்டுக் கூரையும் அதில் கலந்திருக்கும். ஒரு மீட்டர் வித்தியாசத்தை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு மேஸ்திரியை அழைத்துப் போய் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், ரோட்டுக்கும் மனைக்கும் உள்ள வித்தியாசம் விரலளவு துல்லியமாகத் தெரியும். கூடவே, இந்தத் தாள்களை வெளியிடும் மத்திய அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாள் கிடைத்தால் அந்த இடம் அப்போது ஏரிக்குள் இருந்ததா, ஓடைமேல் இருந்ததா என்று பாருங்கள். "இங்க தண்ணியே நிக்காது சார்" என்று விற்பவர் சொல்வதை மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.