சிறைக்குள் மானுடவியலாளருக்கு என்ன வேலை? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சிறைகளைப் பற்றி மானுடவியலாளர்கள் செய்த ஆய்வுகளை அறிமுகப்படுத்தி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் அண்ணன் இரண்டாவது தடவையாக உள்ளே இருக்கிறான், போதைப்பொருள்தான் காரணம். இதை நெருங்கிய தோழிகளிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கூட்டம் கூட்டமாக மனிதர்களைச் சிறையில் அடைப்பது அமெரிக்காவின் பிரச்சினை, அதைச் சிங்கப்பூரில் உட்கார்ந்து படிப்பதால் நமக்கு என்ன பயன்? இரண்டாவது, வெளியாள் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு சிறைக்குள் போய், எங்கேயும் எழுந்து போக முடியாதவர்களைப் பார்த்து எழுதுவது வேடிக்கை பார்ப்பது ஆகாதா? மூன்றாவதுதான் முக்கியம். இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எழுதலாமா, வேண்டாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல நினைத்தேன். ஆனால் முதல் இரண்டையும் கடக்காமல் அங்கே போய்ச் சேர முடியாது, அதனால் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாநில அரசுச் சிறைகளிலும் மத்திய அரசுச் சிறைகளிலும் இருந்தவர்கள் ஏறத்தாழ 200,000 பேர். 2008 வாக்கில், உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்தால், 2.3 மில்லியன். அப்புறம் கொஞ்சம் இறங்கி இப்போது 2 மில்லியனை ஒட்டி நிற்கிறது. இதற்கிடையில் அந்த நாட்டு மக்கள் திடீரென்று பல மடங்கு கெட்டவர்களாகிவிடவில்லை. மாறியது சட்டமும் தண்டனையும். 1973இல் நியூயார்க் மாநிலம் போதைப்பொருள் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 1986இல் வந்த மத்தியச் சட்டத்தின்படி 5 கிராம் கிராக் கொக்கெயின் (கட்டியாகப் புகைக்கும் வகை) விற்றவருக்கும் 500 கிராம் தூள் கொக்கெயின் விற்றவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்து ஆண்டு. கிராக் வழக்குகளில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அந்த நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தை 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள், அப்போதும் சமமாக்கவில்லை.

2001இல் டேவிட் கார்லண்ட் என்ற சமூகவியலாளர் இந்த நிலைமைக்கு இரண்டு அடையாளங்களைச் சொன்னார். ஒன்று, அதே மாதிரியான சமூகங்களில் வழக்கமாக இருக்கும் அளவைத் தாண்டி எண்ணிக்கை எங்கேயோ போய்விடுவது. இன்னொன்று, தனி மனிதர்கள் செய்த குற்றத்துக்காகத் தனி மனிதர்கள் சிறைக்குப் போவது என்ற நிலை மாறி, சில குழுக்களே, சில வட்டாரங்களே கொத்தாக உள்ளே போவது.

முதல் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர் அமெரிக்கா இல்லை. 2000களின் தொடக்கத்தில் இங்கே சிறையில் இருந்தவர்களைவிட இன்று இருப்பவர்கள் குறைவு, அது நல்ல செய்தி, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது அடையாளத்தைத்தான் நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு ஆண்டுதோறும் கைது விவரங்களை வெளியிடுகிறது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் இந்தியர்களின் பங்கு அந்தக் கணக்கில் அதைவிடக் கூடுதல். மலாய்க்காரர்களின் பங்கு இன்னும் பெரியது. நாம் இதைச் சமூகக் கூட்டங்களில் பேசும்போது உடனே "பெற்றோர் சரியில்லை, நண்பர்கள் சரியில்லை" என்று முடித்துவிடுகிறோம். எந்த புளோக்குகள், எந்தக் குடும்பங்கள், ஒரே குடும்பத்தில் எத்தனை பேர், அப்பா உள்ளே இருந்தபோது பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார், அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. புள்ளிவிவரம் இந்தக் கேள்விகளின் வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும், உள்ளே நடந்து போக, மனிதர்களோடு இருந்து பார்த்தும் கேட்டும் எழுதும் மானுடவியல் வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் மனுவெலா குன்யா என்ற போர்த்துகீசிய மானுடவியலாளர். லிஸ்பனுக்குப் பக்கத்தில் டிரெஸ் என்ற பெண்கள் சிறை இருக்கிறது. 1987இல் அவர் அங்கே போய்க் களஆய்வு செய்தார். அப்போது அவர் பார்த்தது நாம் எல்லோரும் கற்பனை செய்துவைத்திருக்கும் சிறை. பெண்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள், ஒருவருக்கொருவர் அந்நியர்கள். நான் இவளைப் போன்றவள் இல்லை என்று ஒவ்வொருத்தியும் ஒதுங்கியிருப்பாள். பழைய கதையைச் சொல்லமாட்டார்கள். உள்ளே கழியும் காலம் வாழ்க்கையில் சேராத காலம், வெளியே போனதும் மறந்துவிட வேண்டியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1997இல், அவர் அதே சிறைக்குத் திரும்பிப் போனார். கட்டடம் அதேதான், ஆனால் உள்ளே இருந்தது வேறு உலகம். போதைப்பொருள் வழக்குகள் குவிந்திருந்தன. நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் பெண்கள் உறவினர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் சேர்ந்து சில்லறை வியாபாரமாக அதைச் செய்தார்கள், போலீஸ் அந்தக் குடியிருப்புகளையே குறிவைத்து வளைத்தது, ஆகவே கைதும் கொத்தாகவே நடந்தது. தாயும் மகளும் ஒரே சிறையில். சித்தி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் அங்கேயே. குடியிருப்பில் தொடங்கிய சண்டை சிறையில் தொடர்ந்தது, சிறையில் பேசிய வம்பு மறுவாரம் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒருத்தி பார்க்க வந்தால் உள்ளே இருக்கும் பலரின் வீட்டுச் செய்திகளைச் சேர்த்துக் கொண்டுவருவாள். முன்பெல்லாம் ஒரு பெண் உள்ளே போனால் அவள் பிள்ளைகளை அக்காவோ அம்மாவோ எடுத்து வளர்ப்பார்கள். இப்போது அந்த அக்காவும் உள்ளே, அம்மாவும் உள்ளே. அவமானம்கூடக் குறைந்திருந்தது. அந்தக் குடியிருப்புகளில் சிறை என்பது என்றாவது ஒருநாள் வரக்கூடியது என்று ஆகிவிட்டதுதான் காரணம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் திரும்பிப் போனது. ஒரு தடவை மட்டும் போயிருந்தால் சிறை என்பது மூடிய உலகம் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார், அதை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. திரும்பிப் போனதால்தான், ஆட்கள் மொத்தமாக உள்ளே போகத் தொடங்கினால் சிறையையும் குடியிருப்பையும் தனித்தனியாகப் படிக்க முடியாது, இரண்டுக்கும் நடுவே போய்வருகிற மனிதர்களைத்தான் படிக்க வேண்டும் என்று அவரால் காட்ட முடிந்தது. போர்ச்சுகல் 2001இல் சொந்தப் பயன்பாட்டுக்காகப் போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது, விற்பது இன்றும் குற்றம்தான். அந்த மாற்றத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் டிரெஸ் சிறையில் என்ன நடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு.

சரி, வேடிக்கை பார்ப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. அப்படிப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர்களும் உண்டு. லோர்னா ரோட்ஸ் என்ற மானுடவியலாளர் வாஷிங்டன் மாநிலத்தின் உச்சப் பாதுகாப்புச் சிறைகளில் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு நாளில் 23 மணி நேரம் தனிக் கொட்டடி. கதவில் ஒரு சிறு துவாரம், சாப்பாடும் அதன் வழியாக, கையை நீட்டி விலங்கு மாட்டிக்கொள்வதும் அதன் வழியாக. சில கைதிகள் தங்கள் மலத்தை எடுத்துக் காவலர்கள் மேல் வீசினார்கள். இதை மட்டும் எழுதியிருந்தால் அது வேடிக்கைதான். அவர் கைதியிடமும் கேட்டார், வீச்சுக்கு ஆளான காவலரிடமும் கேட்டார், இவன் பைத்தியமா அல்லது வேண்டுமென்றே செய்கிறானா என்று முடிவு சொல்ல வேண்டிய மனநல ஊழியர்களிடமும் கேட்டார். அந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் அவனுக்குச் சிகிச்சையா, மேலும் தனிமையா என்பது தீர்மானமாகும். அங்கே வேலை செய்பவர்களும் அந்த அமைப்புக்குள் மாட்டிக்கொண்டவர்களே என்பது அவர் எழுத்தைப் படித்தால் புரியும், யாரையும் அரக்கனாக்காமலே புரியும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அமெரிக்கச் சிறைகள் வீங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவற்றுக்குள் நடந்த களஆய்வுகள் ஏறக்குறைய மறைந்தே போயின என்று 2002இல் லோயிக் வக்கான் என்ற சமூகவியலாளர் எழுதினார். அதிக மனிதர்கள் உள்ளே போன காலத்தில்தான் பார்க்கிற கண்கள் குறைந்தன. அதனால் வேடிக்கை பார்ப்பதைவிட யாருமே பார்க்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

பார்ப்பதற்கு உள்ளே போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மேகன் கம்ஃபர்ட் என்ற சமூகவியலாளர் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் பார்வையாளர்கள் காத்திருக்கும் தாழ்வாரத்தில் பெண்களோடு நின்றார். கைதிகள் உடுத்துவது நீல நிறம் என்பதால் பார்க்க வருபவர்கள் நீல ஜீன்ஸ் போடக்கூடாது. உள்ளாடையில் கம்பி இருந்தால் உலோகச் சோதனைக் கருவி கத்தும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடு இருந்தது, அங்கே மாற்று உடை இரவல் தந்தார்கள். வெகு தூரம் பயணம் செய்து வந்த பெண் யாரோ போட்ட பாவாடையை மாட்டிக்கொண்டு கணவனைப் பார்க்கப் போவாள். எந்தக் குற்றமும் செய்யாத அந்தப் பெண்ணின் உடையையும் நேரத்தையும் உடம்பையும் சிறை தன் விதிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சிறைக்கும் ஊருக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறுவதற்கு நம் ஊரே சாட்சி. 1825இலிருந்து 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே இருந்தார்கள். பிராஸ் பசாவில் அவர்களின் சிறை. சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த மெட்ராஸ் சாந்தைப் பூசினார்கள். கைதிகளிலேயே நடத்தை நன்றாக இருந்தவர்களைக் காவலர்களாக்கினார்கள், அவர்கள் ஊருக்குள் நடமாடினார்கள், பலர் தண்டனை முடிந்ததும் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அந்தக் கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1899இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அவர் எழுதியது அதிகாரியின் பார்வை, அதில் கைதிகளின் குரல் இல்லை. அந்தக் குரல் இனிக் கிடைக்கவும் கிடைக்காது, அதுதான் வருத்தம்.

இப்போது உங்கள் ஆய்வு. எழுதுங்கள். ஆனால் அண்ணனை ஆய்வின் நாயகனாக்காதீர்கள். அவர் உங்களுக்குத் தங்கை என்ற முறையில் சொன்னதெல்லாம் தங்கையிடம் சொன்னது, ஆய்வாளரிடம் சொன்னது அல்ல. சிறைத்துறையின் அனுமதி பெற்று உள்ளே போய் ஆய்வு செய்வது ஓர் இளநிலை மாணவருக்கு எளிதில் நடக்கிற காரியமும் இல்லை. வெளியே இருக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அது நிறைய இருக்கிறது. போதை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர் மேல் குற்றப்பதிவு ஏறாது, ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு நான்கு ஆண்டு வரை அங்கே வைக்கலாம். அந்த ஆண்டுகளில் வீட்டுக் கடனை யார் கட்டினார்கள், வேலை நேரத்தை யார் மாற்றிக்கொண்டார்கள், காலில் மின்னணுக் கண்காணிப்பு டேக் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவரின் ஊரடங்கு நேரத்துக்கு ஏற்றபடி அந்த வீட்டின் சாப்பாட்டு நேரமும் திருமண அழைப்புகளும் எப்படி மாறின, இதையெல்லாம் எழுதலாம். வெளியே வந்தவருக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள் என்பது இனத்தைப் பொறுத்தும் மாறுகிறது என்று தேசியப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் நாராயணன் கணபதி எழுதியிருக்கிறார். அவரைக் கட்டாயம் படியுங்கள்.

அம்மாவைப் பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஈசூனில் இருக்கிறார், துப்புரவு வேலை. மகன் உள்ளே இருந்த காலத்தில் சொந்தக்காரர்களிடம் அவன் இந்தோனேசியாவின் பத்தாம் தீவில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். தீபாவளிக்குத் தேக்காவில் தன் காசில் ஒரு சேலை எடுத்து, மகன் பணம் அனுப்பி வாங்கியது என்று நாத்தனார்களிடம் காட்டினார். அந்தச் சேலையைக் காட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். இதை நான் எழுதுவதற்கு அவர் சம்மதம் வாங்கியிருக்கிறேன், இடத்தையும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

உங்கள் அம்மாவின் மௌனத்தை எதிர்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பல வருடமாகக் கட்டிக் காத்துவரும் ஒன்றை நீங்கள் பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் முன்னால் வைக்கப் போகிறீர்கள், பயம் வராமல் இருக்குமா? குன்யாவின் கட்டுரையில் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று வருகிற பகுதியை அவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆய்வுக்காக என்று சொல்லாமல், படித்தேன் அம்மா என்று சும்மா சொல்லுங்கள். அவரே ஏதாவது பேசத் தொடங்கினால் அன்றைக்கு எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம். பிறகு, மற்ற யாரிடமும் கேட்பதுபோல, இதை எழுதலாமா என்று அவரிடமும் முறையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வீட்டை விட்டுவிட்டு வேறு குடும்பங்களோடு செய்யுங்கள், உங்களை நம்பிப் பேச ஆட்கள் கிடைப்பார்கள்.

அன்புடன்,
அக்கா