தம்பி சிறையில் 52 நாள்: குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா?

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் தம்பி கல்லாவில் பணம் எடுத்தான் என்று முதலாளி புகார் கொடுத்து, ரிமாண்ட் ஆகி 52 நாள் ஆகிறது. முன்வழக்கு கிடையாது. சிறையில் இடமில்லாமல் ஒருக்களித்துத்தான் படுக்கிறான், உடம்பெல்லாம் சொறி. ஜாமீன் ஒரு தடவை தள்ளுபடி. நெரிசலைச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர், அதில் நாலில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். பெரிய அநியாயம்தான், ஆனால் அதைச் சொல்லி உங்கள் தம்பியை வெளியே கொண்டுவர முடியாது. சொறிக்கு சிகிச்சை கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் தனியாக மனு கொடுங்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வேலைக்காரர் திருட்டுக்கு அதிகபட்சம் 7 வருடம், அதனால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய போலீசுக்கு 60 நாள்தான் கெடு. அதற்குள் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது தம்பியின் உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 61-ஆம் நாள் காலையில் கோர்ட் திறந்ததும் ஜாமீன் மனு உள்ளே போக வேண்டும். மதியம் போகலாம் என்று இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. ஜாமீன் உத்தரவு கையில் கிடைத்ததும் குடும்பம் நிம்மதியாகி, ஜாமீன்தாரரை அப்புறம்தான் தேடுகிறது. சொந்தக்காரர் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிக் கடைசி நேரத்தில் பின்வாங்குவார், இன்னொருவரிடம் வீட்டு வரி ரசீது இருக்காது. அந்த இடைவெளியில் குற்றப்பத்திரிகை வந்தால் வாங்கிய உத்தரவும் செல்லாமல் போகும். இப்படிக் கையில் உத்தரவோடு உள்ளேயே கிடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறாது. ஜாமீன்தாரர் இருவரையும் ஆதார், ரசீதோடு இன்றே தயார் செய்யுங்கள்.

முதல் முறை மாட்டியவருக்கு அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் சிறையில் கழிந்தால் ஜாமீன் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-ஆம் பிரிவைச் சொல்வார்கள். 7 வருடத்தில் அது 2 வருடம் 4 மாதம். அதுவரை காத்திருக்கக் கூடாது.

அப்புறம், கசப்பாக இருந்தாலும் கேளுங்கள்: முதலாளியோடு பேசி முடியுங்கள். அவர் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு இந்த வழக்கைச் சமரசமாக முடிக்க முடியும். யார் சரி என்று நிரூபிக்க வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட அது மேல். ஆனால் பணம் கொடுக்கும்போது தம்பி திருடினான் என்று ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதுவது எதுவானாலும் உங்கள் வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்து.