பெயிண்ட் வாளியிலிருந்து புறப்படும் வளையம்: வாசகர் கேள்வி – பதில்

வாளியின் அடியில் ஓட்டை போட்டு, வாயில் ரப்பர் தாளை இழுத்துக் கட்டி, வீட்டிலேயே காற்றுப் பீரங்கி செய்யும் முறையைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். ரப்பரை இழுத்து விட்டால் ஓட்டை வழியாகக் காற்று பாய்ந்து, தள்ளி இருக்கும் பொருளைத் தாக்கும். அதைச் செய்து பார்த்த வடசென்னை வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

என் மகன் 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியில் 8 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை போட்டான். ரப்பரை இழுத்து விட்டதும் 10 அடி தள்ளி வைத்திருந்த காகிதக் கோப்பை விழுந்தது. ஓட்டை சிறியதானால் காற்று இன்னும் வேகமாக வரும் என்று எண்ணி, வேறொரு வாளியில் 4 செ.மீ. ஓட்டை போட்டான். எவ்வளவு பலமாக இழுத்து விட்டாலும் கோப்பை அசையவே இல்லை. என்ன காரணம்? (ஒரு தாய், தண்டையார்பேட்டை)

இரண்டாவது வாளியில் குறை எதுவும் இல்லை. அதை இழுக்கும் அளவில்தான் தவறு இருக்கிறது. ரப்பர் தாள் உள்ளே பாயும்போது ஓட்டை வழியாகக் காற்று வெளியேறுகிறது. விளிம்பை உரசிக்கொண்டு வரும் காற்று, விளிம்பைத் தாண்டியதும் வெளியே அசையாமல் நிற்கும் காற்றில் முட்டி, வெளிப்புறமாகச் சுருண்டு பின்னோக்கி மடங்குகிறது. ஓட்டையைச் சுற்றிலும் இவ்வாறு சுருள்வதால், மெதுவடையின் வடிவில் ஒரு சுழல் வளையம் உருவாகிறது. வடையின் துளைக்குள் காற்று முன்னோக்கியும் வெளிப்புறத்தில் பின்னோக்கியும் ஓடுகிறது. வளையத்தின் ஒவ்வொரு பகுதியின் சுழற்சியும் அதற்கு எதிரே உள்ள பகுதியை முன்னால் தள்ளுவதால், வாளியை விட்டுப் பிரிந்த பிறகும் வளையம் தானே நகர்ந்து செல்கிறது. வாயால் ஊதும் காற்று சில அடிகளிலேயே சுற்றுக்காற்றோடு கலந்து தளர்ந்துவிட, இந்த வளையம் அறையின் மறுகோடி வரை கட்டுக்கோப்பாகப் போவதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஒரு வளையம் தனக்குள் சுருட்டிக்கொள்ளக்கூடிய காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. 1998இல் மொர்தெசா காரிப், எட்மண்ட் ரம்போட், கரீம் ஷெரீஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்களும், குழாயிலிருந்து தண்ணீரை உந்துதண்டால் தள்ளிச் செய்த சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். வெளியே தள்ளப்படும் நீர்த்தண்டின் நீளம் குழாய் விட்டத்தைப் போல் சுமார் 4 மடங்கு ஆகும்வரை எல்லாம் வளையத்துக்குள் சேர்கிறது. அதற்கு மேல் தள்ளுவது வளையத்தில் சேராமல், பின்னால் வெறும் தாரையாக வால் பிடித்து வருகிறது. காற்றுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும் என்பதால் உங்கள் வாளிகளுக்கே போட்டுப் பார்க்கலாம். 8 செ.மீ. ஓட்டையின் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ.; காற்றுத் தண்டின் நீளம் 32 செ.மீ.; ஆக, தள்ள வேண்டிய காற்று 1.6 லிட்டர். வாளியின் வாய் 30 செ.மீ. விட்டம் என்றால், ரப்பரின் நடுவைக் கூம்புபோல 7 செ.மீ. அளவுக்கு இழுத்து விட்டாலே அது கிடைத்துவிடும். 4 செ.மீ. ஓட்டைக்கோ வெறும் 200 மில்லி லிட்டர் போதும். விட்டம் பாதியானால் காற்றின் தேவை எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அதற்கு ரப்பரை ஒரு செ.மீ.க்கும் குறைவாக அசைத்தால் போதும். உங்கள் மகன் பழைய வாளியைப் போலவே இதையும் இழுத்திருந்தால், காற்றின் பெரும்பகுதி வீண் தாரையாகத்தான் போயிருக்கும்.

ஆகவே, சிறிய ஓட்டையுள்ள வாளியை இழுக்காமல், விரலால் சுண்டச் சொல்லுங்கள். அசைவு குறைவாக இருக்கலாம், ஆனால் சட்டென்று இருக்க வேண்டும். கோப்பையையும் 5 அடிக்கு முன்னே கொண்டுவாருங்கள். வளையம் எட்டும் தூரம் பெருமளவு அதன் விட்டத்தைப் பொறுத்தது. முதல் வாளியோடு நிற்காமல் இரண்டாவதையும் செய்து ஒப்பிட்டுப் பார்த்த அந்தச் சிறுவனை மனமாரப் பாராட்டுகிறேன். பி.வி.சி. குழாயில் ஸ்பிரிட்டையோ கார்பைடையோ கொளுத்தி வெடிக்கும் துப்பாக்கிகளையும் சில பிள்ளைகள் காற்றுப் பீரங்கி என்றே அழைக்கிறார்கள். அவை கண்பார்வையையே பறித்துவிடக்கூடியவை, பிள்ளைகளின் கைக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது.

வாளியிலிருந்து எழும் "டப்" என்ற ஓசையின் அதிர்வுதான் மெழுகுவத்தியை அணைக்கிறது என்று என் வகுப்பு மாணவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அது சரியல்ல என்பதை எப்படி நிரூபிப்பது? (ஓர் ஆசிரியை, ராயபுரம்)

மெழுகுவத்தியை 5 மீட்டர் தள்ளி வையுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், அந்தத் தூரத்தை நொடியில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். வளையமோ நொடிக்குச் சில மீட்டர்தான் நகரும். ஓசை கேட்ட பிறகு, கண்ணால் உணரக்கூடிய ஓர் இடைவெளி விட்டே சுடர் அணைவதை மாணவர்கள் காண்பார்கள். கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வளையத்தின் வேகத்தையே கணக்கிட்டுவிடலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. வாளிக்குள் சிறிது சாம்பிராணிப் புகையை நிரப்பி, எதிரே ஒரு மாணவரைக் கண்ணை மூடி நிற்கச் செய்யுங்கள். முகத்தில் காற்று படும் அதே கணத்தில் அவருக்குச் சாம்பிராணி மணமும் தெரியும். ஒலி அலையில் காற்று இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அதிர்கிறதே தவிர, பயணம் செய்வதில்லை. வளையமோ வாளிக்குள் இருந்த காற்றில் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. தணலை வாளிக்குள் வைக்காமல் புகையை மட்டும் பிடித்து நிரப்புங்கள். இளைப்பு உள்ள மாணவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் சொல்வதற்கு ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. 1858இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உராய்வே இல்லாத ஒரு பாய்மத்தில் (திரவத்திலோ வாயுவிலோ) சுழல் வளையம் என்றும் அழியாது என்று கணிதத்தால் காட்டினார். அதைப் படித்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெய்ட், 1867இல் எடின்பரோவில் ஒரு பெட்டியின் முன்பக்கம் ஓட்டை இட்டு, பின்பக்கம் துண்டை இழுத்துக் கட்டி, தட்டித் தட்டிப் புகை வளையங்களை எழுப்பிக் காட்டினார். அவர் பயன்படுத்தியது நவச்சாரப் புகை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் புகை நன்றாகத் தெரியும். பார்வையாளராக இருந்த இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், அழியாத இந்த வளையங்கள்தாம் அணுக்களாக இருக்கக்கூடும் என்று அதே ஆண்டிலேயே ஒரு கொள்கையை முன்வைத்தார். வெவ்வேறு விதமாக முடிச்சிட்ட வளையங்கள் வெவ்வேறு தனிமங்களின் அணுக்களாகலாம் என்பது அதன் கருத்து. அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் அதற்காக டெய்ட் முடிச்சுகளை வகைப்படுத்தித் தொகுத்த அட்டவணைகள், கணிதத்தில் முடிச்சுக் கோட்பாடு என்னும் துறைக்கு அடித்தளமாயின.

மாலையில் மொட்டை மாடியில் விட்டால் வளையம் பக்கவாட்டில் ஒதுங்கிச் சிதறிவிடுகிறது. (ஒரு மாணவர், காசிமேடு)

உங்கள் மாடியில் பிற்பகல் தொட்டு அடிக்கும் கடற்காற்றின் வேகம், வளையத்தின் வேகத்துக்கு ஈடாக இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு அறைக்குள் செய்யுங்கள், அல்லது காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் செய்யுங்கள்.

ஓட்டையைச் சதுரமாக வெட்டினால் வளையமும் சதுரமாக வருமா? (இரு சகோதரர்கள், வியாசர்பாடி)

புறப்படும்போது சதுரமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வடிவில் நீடிக்காது. சுழல் எங்கே கூர்மையாக வளைகிறதோ அங்கே அது வேகமாக முன்னேறும். எனவே நான்கு மூலைகளும் முந்திச் செல்ல, பக்கங்கள் பின்தங்கும். பிறகு பக்கங்கள் வெளியே புடைத்து, 45 பாகை திரும்பிய சதுரம்போல ஒரு வடிவம் தோன்றும். இப்படி நெளிந்து நெளிந்தே வளையம் செல்லும். பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

பெரிய காற்றுப் பீரங்கிகளை நிறுவி எங்கள் பகுதியின் புகையை மேலே தள்ளிவிட முடியாதா? (ஒரு வாசகர், எண்ணூர்)

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனையை நான் உணர்கிறேன். ஆயினும் முடியாது என்பதே பதில். 1896இல் அன்றைய ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் ஆல்பர்ட் ஸ்டிகர் என்பவர், ஆலங்கட்டி மழையிலிருந்து திராட்சைத் தோட்டங்களைக் காக்க, புனல் வடிவிலான பெரிய பீரங்கிகளை வானை நோக்கி வெடித்தார். அவற்றிலிருந்து வளையங்கள் சீறிக்கொண்டு எழுந்தன, வழக்கம் பக்கத்து நாடுகளுக்கும் பரவியது. ஆனால் அரசுகள் நடத்திய சோதனைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. வளையம் போகப் போகச் சுற்றுக்காற்றை உள்ளிழுத்துப் பருத்து, வேகம் இழந்து கரைந்துவிடும். ஒரு வட்டாரத்தின் மேல் படிந்திருக்கும் காற்றின் எடைக்கு முன்னால் அதன் ஆற்றல் மிகச் சிறியது. புகையைப் புகைபோக்கியிலேயே வடிகட்டித் தடுப்பதற்கு இந்தக் கருவி ஒருபோதும் மாற்றாகாது.

வீட்டில் இளைப்பு நோயாளி இருப்பதால் புகையே ஆகாது. சுழல் வளையத்தைப் பார்க்க வேறு வழி உண்டா? (ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை)

தண்ணீர் போதும். கண்ணாடி டம்ளரில் நீரை நிரப்பி, அசைவு முழுதும் அடங்கிய பின், சொட்டுக் குழாயால் இரண்டு மூன்று செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சொட்டு மையை விடுங்கள். அது வளையமாகி இறங்கும். அடுத்து, அகன்ற அண்டா ஒன்றை வெயிலில் வைத்து, தட்டு ஒன்றைப் பாதி மூழ்கும்படி செங்குத்தாகப் பிடித்து, சிறிது தூரம் முன்னே தள்ளிவிட்டு மெல்ல மேலே எடுங்கள். நீர்ப்பரப்பில் இரண்டு சிறு குழிகள் இடைவெளி மாறாமல் சேர்ந்து நகரும். சுழல் நீருக்குள் நடுவே அறுந்து நிற்க முடியாது. அது தன்னோடு தானே இணைய வேண்டும், அல்லது நீரின் எல்லையில் போய் முடிய வேண்டும். நீங்கள் பார்ப்பது, மேற்பரப்பில் இரு முனைகளையும் ஊன்றி, நீருக்குள் வளைந்து கிடக்கும் அரை வளையத்தை. அண்டாவின் அடியில் விழும் இரண்டு வட்ட நிழல்களைக் கவனியுங்கள். குழிகளைவிட அவை எளிதில் கண்ணுக்குப் புலப்படும்.