சி.எம்.டி.ஏ.விடம் எப்போது, யாரிடம், எப்படிக் கேட்பது? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ராகம். பக்கத்து மனையில் கட்டடம் ஏறிவிட்டது, ஏரிக்கரையில் லேஅவுட் வந்துவிட்டது, பூங்காவுக்குப் பூட்டு விழுந்துவிட்டது, இனி என்ன செய்வது? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தொடர்பானவற்றை மட்டும் பிரித்து எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பக்கத்து மனையில் ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் வாகன நிறுத்தத் தளத்துக்கு) மேல் ஐந்து மாடி எழும்புகிறது. எங்கள் காம்பவுண்டுக்கும் அதற்கும் நடுவே ஆள் நுழைய இடமில்லை. மண்டல அலுவலகத்தில் கேட்டால் சி.எம்.டி.ஏ.வுக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் மண்டலத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். யார்தான் பொறுப்பு?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: அனுமதி கொடுத்தவர் யாரோ அவர்தான் பொறுப்பு. அதை முதலில் கண்டுபிடியுங்கள். 10,000 சதுர அடி, எட்டு வீடு வரையிலான குடியிருப்புகளுக்கு அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் கோப்பு எழும்பூரில் இருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்குப் போகும். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று விண்ணப்பதாரரே உறுதி சொல்லி அனுமதி பெறும் சுயசான்று முறை, 2024 ஜூலையில் வந்தபோது 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டுக்கு மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டி ஐந்து மாடி ஏற்ற முடியாது. சைட்டில் அனுமதி எண்ணோடு பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புகாரின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து மாடி என்பதாலேயே அது விதிமீறல் ஆகிவிடாது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை அது உயரமான கட்டடம் என்ற கணக்கிலேயே வராது. பிரச்சினை உயரத்தில் அல்ல, பக்க இடைவெளியிலும் தெருவின் அகலத்திலும்தான் இருக்கும். எனவே "மாடி மேல் மாடி கட்டுகிறார்கள்" என்று எழுதாதீர்கள். "வடக்குப் பக்கம் இத்தனை அடிதான் விட்டிருக்கிறார்கள், அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று எழுதுங்கள்.

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் விதிமீறலை அகற்றச் சொல்லவும் அதிகாரம் இருக்கிறது. நோட்டீஸ் போனதும் உரிமையாளர் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்வார், கோப்பு கோட்டைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். புகார்தாரர்கள் பலர் இந்த இடத்தில் ஓய்ந்துபோகிறார்கள். மேல்முறையீடு நடக்கிறதா என்று கேட்டு, உங்கள் ஆட்சேபத்தின் நகலை வீட்டுவசதித் துறைச் செயலருக்கும் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: சி.எம்.டி.ஏ.வின் உண்மையான தலைவர் யார்? அமைச்சரா, ஐ.ஏ.எஸ். அதிகாரியா, திட்ட வல்லுநரா?
– கட்டடக்கலை மாணவி, கிண்டி

பதில்: காகிதத்தில் தலைவர் நாற்காலி அமைச்சருடையது. அவருக்குக் கீழே துணைத் தலைவர். அன்றாட நிர்வாகம் உறுப்பினர் செயலர் கையில், அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வரைபடத்தைப் படித்துக் குறிப்பு எழுதுபவர்கள் தலைமைத் திட்ட அமைப்பாளரும் அவருக்குக் கீழே உள்ள திட்ட அமைப்பாளர்களும். அதிகாரிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். திட்டமோ இருபது ஆண்டுக்கானது. ஆகவே சி.எம்.டி.ஏ. இயங்கும் தாளமுத்து நடராசன் மாளிகையில் யார் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதைவிட, கோப்பில் கீழ்நிலையிலிருந்து எழுந்த குறிப்பு என்ன சொல்கிறது, அதை மேலே யார் என்ன காரணம் எழுதி மாற்றினார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். நீங்களும் படிப்பு முடிந்ததும் அங்கே வேலைக்குப் போனால், வாய்மொழி உத்தரவை மறுநாளே கோப்பில் எழுதி வைக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாளிதழில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு விளம்பரம். எங்கள் ஊரில் சில சர்வே எண்களை விவசாயப் பயன்பாட்டிலிருந்து குடியிருப்பாக மாற்றப்போகிறார்களாம், ஆட்சேபம் இருந்தால் எழுதலாமாம். அந்த நிலத்தில்தான் மழைக்காலத்தில் எங்கள் தெருத் தண்ணீர் போய் நிற்கும். ஒரு கடிதம் எழுதி என்ன ஆகிவிடும்?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: வந்த கடிதங்களிலேயே சரியான நேரத்தில் வந்த கடிதம் உங்களுடையது ஒன்றுதான். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்பது மாஸ்டர் பிளானையே, அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் பெருந்திட்டத்தையே, திருத்துவது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது, அதனால்தான் அந்த விளம்பரம். அந்த நிலத்துக்கு வகைப்பாடு மாறிவிட்டால் பிறகு வரும் லேஅவுட்டும் அடுக்குமாடியும் முறையான அனுமதியோடே வரும். அப்போது நீங்கள் எங்கே போய் நின்றாலும் "எல்லாம் விதிப்படிதானே இருக்கிறது" என்பார்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகத்தைக் கையில் எடுத்துப் பயனில்லை.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது முக்கியம். "இயற்கையைக் காப்பாற்றுங்கள், வருங்காலத் தலைமுறை" என்று இரண்டு பக்கம் எழுதினால் அலுவலகம் அதைப் "பொதுவான ஆட்சேபம்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். விளம்பரத்தில் உள்ள சர்வே எண்ணை முதல் வரியிலேயே போடுங்கள். தாலுகா அலுவலகத்தில் அந்த எண்ணுக்கும் அதை ஒட்டிய எண்களுக்கும் புல வரைபடமும் (நிலத்தின் அளவைப் படம்) 'அ' பதிவேட்டு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) நகலும் வாங்குங்கள். பக்கத்தில் ஓடை, வாய்க்கால், கரை, மேய்க்கால் என்று ஏதாவது பதிவாகியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டு இணையுங்கள். 2015 டிசம்பரிலோ 2023 டிசம்பரிலோ அங்கே தண்ணீர் நின்ற படம் தெருவில் யாராவது ஒருவர் கைபேசியில் நிச்சயம் இருக்கும். தேதி தெரிகிற படமாகத் தேடி எடுங்கள். நிலத்துக்குப் போகும் சாலையின் அகலத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். கடைசியில் ஒரே கேள்வி: "இந்த நிலத்தில் நிற்கும் தண்ணீர் இனி எந்த வழியாக, எங்கே போகும்? அதைப் பொதுப்பணித் துறையோ நீர்வளத் துறையோ எழுத்தில் சொல்லியிருக்கிறதா?"

இந்தக் கேள்வி கோப்பில் ஏறிவிட்டால் பதில் எழுதாமல் தள்ளுவது கடினம். பதிலில்லாமல் தள்ளினாலும், பிறகு நீதிமன்றம் போனால் அதுவே உங்களுக்குப் பிடி. ஒரே மனுவில் நூறு கையெழுத்து வாங்குவதைவிட, பத்துப் பேர் தனித்தனியாக, அவரவர் வாசலில் நின்ற தண்ணீரைப் பற்றி எழுதுவது மேல். விளம்பரத்தில் சொன்ன கெடுவுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சல் மட்டும் போதாது. எதிர்த்தே எழுத வேண்டும் என்பதுமில்லை. இன்னின்ன வாய்க்காலை விட்டுவைத்தால் சம்மதம் என்றும் எழுதலாம், அப்படிப்பட்ட கடிதத்துக்கு அலுவலகத்தில் காது கொடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் கவுன்சிலரிடம் இதையெல்லாம் கொண்டுபோனால் "அது என் கையில் இல்லை, சி.எம்.டி.ஏ." என்று கை விரிக்கிறார். தப்பிக்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா?
– வாசகர், ஆவடி

பதில்: இரண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகள் என்று பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியல் போட்டது. முதல் இனமே நகரத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. அந்தத் திருத்தத்தின் 243-இசட்-இ பிரிவு பெருநகரத் திட்டக் குழு என்ற ஒன்றைக் கேட்கிறது. அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, அந்தப் பெருநகரத்தின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். சி.எம்.டி.ஏ.வோ 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிள்ளை. அதற்குக் கடிவாளம் கோட்டையில்தான், மாமன்றத்தில் இல்லை. 2022 அக்டோபரில் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. இவ்வளவு பரப்பில் எத்தனை உள்ளாட்சி, எத்தனை ஊராட்சி! அவர்கள் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையோடு ஒரு மேசை இல்லாமல் இத்தனைக்கும் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் உங்கள் கவுன்சிலரை அவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று ஆண்டுக்கு நான்கு நாள், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக் கூட்டம் நடத்த வேண்டும். குப்பை, தெருவிளக்கு என்றே அங்கே பொழுது போய்விடுகிறது. நீங்கள் எழுந்து, "இந்த சர்வே எண்ணின் வகைப்பாட்டு மாற்றத்தை இந்தச் சபை ஆட்சேபிக்கிறது" என்று தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலோடு போகும் ஆட்சேபத்துக்கு எடை அதிகம். கவுன்சிலருக்கும் அது செலவில்லாத உதவிதான், மறுக்கமாட்டார்.

கேள்வி: சி.எம்.டி.ஏ.வே தவறு செய்தால் தட்டிக் கேட்பது யார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

பதில்: கேட்கும் இடங்கள் பல, கேட்டதும் நடப்பது குறைவு. கணக்குத் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது, 2015 வெள்ளம் பற்றிய அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தது. லஞ்சப் புகார் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. ஆனால் இந்த நகரத்தில் மேற்பார்வை என்று சொல்லும்படி நடந்ததெல்லாம் பெரும்பாலும் குடிமக்கள் போட்ட வழக்குகளால்தான்.

இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்குத் தர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு தாராளமாக விலக்கு வழங்கப்பட, சென்னையின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் வழக்குப் போட்டது. 2000இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது, ஆனால் யோசிக்காமல் வழங்கிய விலக்கு ஆணைகளை ரத்து செய்தது. இதற்கிடையே 1998இல் பணம் கட்டி விதிமீறலை வரன்முறைப்படுத்தும் 113-ஏ வந்தது. ஒரே ஒரு முறைக்கு என்றார்கள், மறுபடி மறுபடி நீட்டித்தார்கள். 1999 பிப்ரவரி 28க்குப் பிறகு எழுந்தவற்றுக்கும் அது நீண்டதைச் செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 அக்டோபர் கடைசியில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் விதிமீறிக் கட்டிய கடைகளுக்கு சீல் விழுந்தது. 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. அதே ஆண்டில் 113-சி பிறந்தது, இந்த முறை 2007 ஜூலை 1க்கு முன்பு கட்டியவற்றுக்கு. விதியை மதித்து இடைவெளி விட்டுக் கட்டியவன் ஏமாளியா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மௌலிவாக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சரிந்த பதினோரு மாடிக் கட்டடம் சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றதுதான். 61 பேர் செத்தார்கள். கட்டமைப்பு உறுதிக்குக் கட்டுநரும் பொறியாளருமே பொறுப்பு, நாங்கள் பார்ப்பது திட்ட விதிகளை மட்டும் என்பது அலுவலகத்தின் நிலை. சட்டப்படி அந்த வாதத்துக்கு இடமிருக்கலாம். ஆனால் அனுமதி என்று முத்திரை குத்திய காகிதத்தை நம்பித்தான் ஜனங்கள் முன்பணம் கட்டுகிறார்கள். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது. 2019 விதிகளில் கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர் என்று ஒவ்வொருவரும் பதிவு பெற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று வந்தது. வீடு வாங்குகிறவர்கள் அந்தக் கையெழுத்துகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாவது மாஸ்டர் பிளானில் சாமானியனுக்கு இடம் உண்டா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சட்டத்தில் உண்டு. வரைவு வெளியானதும் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 26ஆம் பிரிவு. முதல் திட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதன் வரைவு 1995இலேயே தயாராகியும் வழக்கு, திருத்தம் என்று இழுத்து 2008 செப்டம்பரில்தான் வந்தது. இருபது ஆண்டுக்கான விஷயத்துக்கு இரண்டு மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆகவே வரைவுக்குக் காத்திருக்காமல் இரண்டாவது திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் வார்டை இப்போதே பாருங்கள். திறந்தவெளி என்று பச்சை அடித்த இடத்தில் இன்று என்ன நிற்கிறது, தொழிற்சாலை என்று இருக்கும் இடத்தில் எத்தனை வீடு என்று தெருத்தெருவாகக் குறித்து வைத்தால், வரைவு வரும் அன்று உங்கள் கையில் ஆதாரம் தயாராக இருக்கும். அம்பத்தூரில் குறிக்க நிறையவே இருக்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு வளாகத்தின் ஓ.எஸ்.ஆர். (பொதுவுக்கென ஒதுக்கிய திறந்தவெளி) பூங்காவை வெளியாட்கள் பயன்படுத்தக் கூடாது என்று சங்கம் பூட்டிவைத்திருக்கிறது. சரியா?
– வாசகர், பெருங்குடி

பதில்: தானப்பத்திரம் எழுதி ஒப்படைத்த இடமாக இருந்தால் சரியில்லை. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் பத்து சதவீதம் பொதுவுக்கு என்று விதி. சிறிய இடங்களுக்குப் பணமாகவும் கட்டலாம். உச்ச நீதிமன்றமும் 2023இல் இந்த விதி செல்லும் என்றது. பத்திர நகலை உள்ளாட்சியிடம் கேளுங்கள்.

கேள்வி: தகவல் உரிமை மனு போட்டேன். "கோரிய தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை" என்று ஒரே வரியில் பதில்.
– வாசகர், தாம்பரம்

பதில்: "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்டிருப்பீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆவணம்தான் தர வேண்டும். அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், தள ஆய்வு அறிக்கை, வரைபட நகல், பணி நிறைவுச் சான்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், நகலில் விட்டுப்போனது நேரில் பார்க்கும்போது கண்ணில் படும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் இப்படி இருந்தாலும், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. அந்த 6(3) பிரிவை மேல்முறையீட்டில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.