இடியப்பக் கொப்பியும் ஒரு சாட்சிதான்

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது. வீட்டிலேயே இடியப்பம் அவித்து, நிலாவெளிப் பக்கமுள்ள நாலு கெஸ்ட் ஹவுஸுக்குக் கொடுத்து வந்தேன். வலது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திருகோணமலை நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டினேன். ஊசி குத்தி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போட் வந்தது. மூன்று மாதத்தில் வந்து காட்டச் சொன்னார். மகளின் சாமத்திய வீட்டு அலுவலில் நான் போகவில்லை. ஒன்பது மாதம் கழித்து, கட்டி பெருத்துவிட்டதால் அரச வைத்தியசாலைக்குப் போனேன். புற்றுநோய் என்றார்கள், கமக்கட்டுக்கும் பரவியிருந்தது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் மார்பை எடுத்து, கமக்கட்டையும் துப்புரவாக்கி, மருந்து ஏற்றினார்கள். இப்போது வலது கை வீங்கிக் கிடக்கிறது, இடியப்ப உரலை அழுத்த முடியவில்லை. முதல் ரிப்போட் வந்து இருபது மாதம் ஆகிறது. நட்டஈடு கேட்கலாமா? அத்தான் வழக்குப் போடு என்கிறார். அண்ணன் டொக்டர்மாரோடு கொழுவாதே என்கிறார்.
— வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, கேட்கலாம். ஆனால் முதலில் நாட்களை எண்ணுவோம். கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு வழக்கு வைக்க நமது சட்டம் தரும் காலம் இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சட்டத்தரணிகள் நாங்கள் நாள் முழுக்க வாதாடுவோம். நீங்கள் அந்த வாதத்தை நம்பி இருக்க வேண்டாம். முதல் ரிப்போட்டில் உள்ள திகதியிலிருந்தே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது நாலு மாதம்.

உங்கள் அத்தான் நினைப்பதுபோல, ரிப்போட் பிழை என்று காட்டினாலே காசு வந்துவிடாது. ஊசிப் பரிசோதனை சில வேளைகளில் புற்றுநோயைத் தவறவிடும் என்பது வைத்தியர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் மார்புக் கட்டி என்றால் கையால் சோதிப்பது, மமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே அல்லது ஸ்கான், ஊசி அல்லது சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சி என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் மமோகிராம் என்ற சொல்லே இல்லை. எடுக்கச் சொன்னாரா? எடுக்காமலே ஊசியை மட்டும் நம்பினாரா? ஒரு நியாயமான வைத்தியர் அந்த இடத்தில் அப்படிச் செய்திருப்பாரா என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விதான் ஆளை விழுத்துகிற கேள்வி: அந்தப் பிழை நடக்காவிட்டால் இந்தக் கேடு வராமல் இருந்திருக்குமா? 1992இல் ஒரு சிறுமிக்கு மூளைத்தண்டில் கட்டி. பேராசிரியை ஒருவர் அதை வேறு நோய் என்று எண்ணி மருந்து கொடுத்தார், பிள்ளை இறந்துபோனது. தகப்பன் வழக்கு வைத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாக வெட்டியது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் இல்லாமல் செய்தது. காரணம், நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அந்தத் தீர்ப்பை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இன்றுவரை இப்படியான வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அதைத்தான்.

அதனால் உங்கள் வழக்கு மார்பில் இல்லை, கையில் இருக்கிறது. விளங்கவில்லையா? முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் சத்திரசிகிச்சை வந்தே இருக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் நோய் கமக்கட்டுக்குப் போகுமுன் பிடித்திருந்தால் கமக்கட்டைத் துப்புரவாக்க வேண்டி வந்திருக்குமா? அது வராமல் இந்த வீக்கம் வந்திருக்குமா? அந்த ஒன்பது மாதம் உங்களிடமிருந்து எதைப் பறித்தது என்பதை ஒரு புற்றுநோய் சத்திரசிகிச்சை நிபுணர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நீதிபதி சிரிப்பார். நம்மூர் சிறிய ஊர், ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள். இங்கே அப்படி ஒருவரைப் பிடிப்பது சிரமம். வெளி மாவட்டத்தில் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மூன்று மாதத் தவணை. ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி, உங்கள் சட்டத்தரணியிடமும் ஒளிக்காதீர்கள். அது கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும். அதனால் வழக்கு செத்துவிடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரிலும் பிழை இருந்தால் அந்தப் பங்கை நட்டஈட்டில் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: ‘வராவிட்டால் ஆபத்து’ என்று சொல்லி வரச் சொன்னாரா, ‘ஒன்றுமில்லை, சும்மா வந்து காட்டுங்கள்’ என்றாரா? இரண்டுக்கும் இடையில் நிறையக் காசு இருக்கிறது.

யார்மேல் வழக்கு? டொக்டர், வைத்தியசாலை, கொழும்பு ஆய்வுகூடம், மூன்று பேரையும் சேர்க்க வேண்டி வரும். ‘அவர் எங்கள் ஊழியர் இல்லை, மாலையில் வந்து சனல் பார்க்கிறவர்’ என்று வைத்தியசாலை கையை விரிக்கும், எதிர்பார்த்திருங்கள். அரச வைத்தியசாலையில் நடந்த பிழை என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது தேவையில்லை.

பதிவேடுகளைச் சேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை ஒரு கட்சிக்காரர் எல்லா பில்லையும் சொப்பிங் பேக்கில் போட்டு உட்துறைமுக வீதியில் நீதிமன்ற வாசல் வரை கொண்டுவந்தார். எடுத்துப் பார்த்தால் பாதி வெறும் வெள்ளைத்தாள். அந்த மினுங்கல் தாளில் அடித்த எழுத்து மங்கிப் போயிருந்தது. இன்றைக்கே எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுங்கள். அரச வைத்தியசாலையில் உங்களைப் பற்றிய பதிவைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மகரகமைக்குப் போன இரவு பஸ் டிக்கெட்டுகள், தங்கிய அறையின் பற்றுச்சீட்டு, ஒன்றையும் எறியாதீர்கள்.

வருமானத்துக்கு உங்களிடம் சம்பளச் சிட்டை இல்லை. ஆனால் கெஸ்ட் ஹவுஸ்காரர் நாளுக்கு எத்தனை இடியப்பம் எடுத்தார்கள் என்று எழுதிய கொப்பி இருக்கும்தானே? இடியப்பம் விற்கிறவர்களில் கொப்பி வைக்காதவரை நான் கண்டதில்லை. மாவும் எண்ணெயும் பட்டிருந்தால் இன்னும் நல்லது, நேற்று எழுதிய கொப்பி இல்லை என்று தெரியும். இழந்த உழைப்பைக் கணக்கிட அதுதான் ஆதாரம். செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், பட்ட வேதனை: இவற்றுக்குத்தான் நமது நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் நட்டஈடு தரும். எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். பத்திரிகையில் தொகை சொல்கிறவர் சட்டத்தரணி இல்லை, சாத்திரி.

இலங்கை மருத்துவ சபைக்கும், தனியார் வைத்தியசாலைகளைப் பார்க்கிற ஒழுங்குபடுத்தல் சபைக்கும் முறையிடலாம். அதில் உங்களுக்கு நட்டஈடு கிடைக்காது. அந்த விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை: இப்போது தங்கச்சியைப் பார்க்கிறவர்கள் வேறு டொக்டர்மார். வழக்கு வைத்தால் கிளினிக்கில் மருந்து தரமாட்டார்கள் என்று பயப்படத் தேவையில்லை.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதல் செய்ய வேண்டியது. உங்கள் மார்பிலிருந்து ஊசியில் எடுத்ததைத் தடவிய கண்ணாடித் துண்டு அந்த ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். இன்னொரு நிபுணர் அதை மறுபடி பார்த்தால்தான் புற்றுநோய்க் கலம் அன்றைக்கே அதில் இருந்ததா என்று தெரியும். ‘அதை அழிக்காமல் வைத்திருங்கள்’ என்று நாளைக்கே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். தபால் கந்தோரில் தரும் துண்டை இடியப்பக் கொப்பிக்குள் வையுங்கள்.