82 சதவீதம், 84 நாள், அரை மில்லி: தடுப்பூசி பற்றி சென்னைக்காரர்கள் கேட்டவை

செப்டம்பர் 12, 2021 ஞாயிறன்று தமிழ்நாடு முழுக்க முதல் மெகா கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தது. இலக்கு 20 லட்சம், போட்டது 28.91 லட்சம். அதற்குப் பிறகு அந்த மாதம் வந்த கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் இவை; ஊசி விதிகளும் நிலவரமும் 2021 செப்டம்பரில் இருந்தவை. கேட்டவர்களின் ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பெரம்பூர்: டாக்டர், ஜூலை கடைசியில் வந்த அரசு சர்வேல சென்னையில 82 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருக்குன்னு சொன்னாங்க. 70 தாண்டினா ஹெர்டு இம்யூனிட்டின்னு போன வருஷம் எல்லா டிவிலயும் பேசினாங்களே. அப்ப வந்தாச்சா? இனிமே ஊசி எதுக்கு?

ஆன்டிபாடி என்றால் கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம். ஹெர்டு இம்யூனிட்டி என்றால் ஊரில் போதுமான பேருக்கு எதிர்ப்பு வந்து பரவல் அடங்குவது. முதலில் அந்த 70 எப்படி வந்தது என்று பார்ப்போம். யாருக்குமே எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்று ஒரு எண் உண்டு. 1-ஐ அந்த எண்ணால் வகுத்து, வந்ததை 1-லிருந்து கழியுங்கள். பரவல் அடங்க எத்தனை பங்கு மக்களுக்கு எதிர்ப்பு வேண்டும் என்பது கிடைக்கும். 2020-இல் வந்த வைரஸுக்கு அந்த எண் சுமார் 3. கணக்குப் போட்டால் 67 சதவீதம், அதைத்தான் வாய்க்கு வசதியாக 70 என்றார்கள். 2021 செப்டம்பரில் சுற்றியது டெல்டா என்ற உருமாறிய வைரஸ். இதற்கு 5 முதல் 8 வரை சொல்கிறார்கள். 6 என்று வைத்தால் 83 சதவீதம். தட்டம்மைக்கு 12 முதல் 18 என்பதால்தான் அந்த ஊசியில் 95 சதவீதத்துக்குக் கீழே போனாலே சுகாதாரத் துறை பதறுகிறது.

82-க்கும் 83-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் 'எதிர்ப்பு' என்றால் தொற்றே ஒட்டாத எதிர்ப்பு. ரத்தத்தில் ஆன்டிபாடி தெரிவதும் தொற்று ஒட்டாமல் இருப்பதும் வேறு வேறு. ஊசி போட்ட 100 பேரில் 65 பேருக்குத்தான் அது தொற்றையே தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 83-ஐ 0.65-ஆல் வகுத்தால் 128 வரும். 100 பேர் உள்ள ஊரில் 128 பேருக்கு ஊசி போட முடியாது! 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்போது ஊசி தொடங்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சராசரியையும் நம்பிவிடக் கூடாது. அதே சர்வேயில் மாநிலம் முழுக்க 66.2, விருதுநகர் 84, ஈரோடு 37. சென்னைக்குள்ளும் அப்படித்தான். ஒரு குடியிருப்பில் எல்லோருக்கும் வந்து போயிருக்கும், எதிர் வீட்டில் ஒன்றரை வருஷமாக வாசல்படி தாண்டாத தாத்தாவுக்கு வந்திருக்காது. அந்த 82-இல் அவர் இல்லை, ஆனால் வந்தால் ஐ.சி.யூ. போகப்போவது அவர்தான். பிரேசிலின் மனாவுஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் 76 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் செத்தார்கள்.

மயிலாப்பூர்: ஹெர்டு இம்யூனிட்டியை ஏன் 'மந்தை' எதிர்ப்புன்னு எழுதறா? நாம என்ன ஆடுமாடா?

மாடுதான். 1910-களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், மாடுகளுக்குக் கன்று கலைந்துபோகும் ஒரு தொற்றுநோயைப் பற்றி எழுதும்போது பிடித்த சொல் அது. எனக்கும் பிடிக்காது. 'கூட்டு எதிர்ப்பாற்றல்' என்றே சொல்கிறேன்.

வியாசர்பாடி: ரெண்டு டோஸ் போட்ட எங்க சித்தப்பாவுக்கே கொரோனா வந்துடுச்சு சார். அப்புறம் என்ன ஊசி இது?

சித்தப்பா எங்கே இருந்து குணமானார், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று பாருங்கள், அதில்தான் பதில் இருக்கிறது. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2021 மே மாதம் சென்னையில் தொற்று உறுதியானவர்களை ஆய்வு செய்தது. ஊசி போட்டவர், போடாதவர் இரண்டு பக்கமும் டெல்டா ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் நோய் முற்றுவதும் சாவும் ஊசி போட்டவர்களிடம் குறைவு.

ஒரு ஊசியிடம் நாம் இரண்டு வேலை கேட்கிறோம். போட்டவரைக் காப்பது ஒன்று, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகாமல் அறுப்பது இன்னொன்று. இரண்டையும் எல்லா ஊசியும் ஒரே அளவில் செய்யாது. இது நமக்குப் புதுசும் இல்லை. கிண்டியில் 1948-இல் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்குத் தயாரிப்புக்கூடம் வந்தது. முதல்வர் பதவியை விட்ட அடுத்த ஆண்டே, 1955-இல், ராஜாஜி பி.சி.ஜி. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஊசிச் சண்டை வாட்ஸப்பில் பிறக்கவில்லை. பிறகு 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பெரிய சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஊரில் காசநோயைப் பரப்புவது அந்த வகைதான். அப்படியும் இன்றுவரை பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறோம். ஏன் என்றால் மூளையுறையைத் தாக்கும் காசநோயிலிருந்தும் உடம்பெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அது குழந்தையைக் காக்கிறது. கொரோனா ஊசி பி.சி.ஜி.யை விட மேல், பரவலையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால் 'ஊரே போட்டுக்கொண்டால் நான் போட வேண்டாம்' என்று ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இல்லை.

கேரளாவில் ஊசி அதிகம், ஆனா கேஸும் அதிகமே? (அண்ணா நகர்)

2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) எடுத்த நான்காவது சர்வேயில் நாடு முழுக்க 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி, கேரளாவில் 44.4. முதல் இரண்டு அலையில் தப்பியவர்கள் அங்கே அதிகம். அவர்களிடம்தான் அப்போது தொற்று போனது.

கே.கே. நகர்: நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாளே மயங்கி விழுந்தார். அதுக்கப்புறம் எங்க அப்பா ஊசின்னாலே எழுந்து போயிடறார். என்ன சொல்லிப் புரிய வைக்கறது?

அவர் 2021 ஏப்ரல் 15 ஊசி போட்டார், 16 மயங்கினார், 17 காலமானார். இதயத்தின் இடது பக்க முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்தவர்கள் சொன்னார்கள். ஊசிக்குப் பின்னால் நடந்தது என்பதையும் ஊசியால் நடந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன், அப்பாவிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 6 பேர் இறக்கிறார்கள். முகாமில் போட்ட 28.91 லட்சம் பேருக்கு அதே விகிதத்தைப் போட்டால் ஆண்டுக்கு 17,346 பேர். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 47. அதாவது ஊசிக்குப் பதில் வெறும் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் மறுநாள் சுமார் 47 வீடுகளில் சாவு விழுந்திருக்கும். 47 வீடும் 'நேத்துதான் ஊசி போட்டார்' என்றுதான் சொல்லும். (வயது வாரியாகப் பிரிக்காத மேலோட்டமான கணக்குதான் இது.) அதனால் ஊசி நிபுணர்கள் தனிச் சாவை மட்டும் பார்ப்பதில்லை, வழக்கத்தை விட அதிகமாக ஏதாவது நடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

அப்பாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அவருக்கு நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு ஊசிக்கு அழைத்துப் போங்கள்.

ரத்தம் உறையுதுன்னு சொல்றது நிஜமா? (மூன்று பேர் கேட்டது)

நிஜம், அரிது. 2021 மே 17-இல் மத்திய அரசின் குழு கொடுத்த அறிக்கையில், கோவிஷீல்ட் என்ற கொரோனா ஊசிக்குப் பின் ரத்த உறைவாக இருக்கலாம் என்று கருதப்பட்டவை 26. பத்து லட்சம் டோஸுக்கு 0.61. போட்ட அன்றைய காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாலாம் நாளுக்கு மேல், பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்துக்குள் வரும். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, மங்கிய பார்வை, விடாத வயிற்றுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, ஊசி போட்ட இடம் இல்லாமல் வேறு இடங்களில் குண்டூசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள்: இதில் ஒன்று வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் 'இந்தத் தேதியில் கோவிஷீல்ட் போட்டேன்' என்று சொல்லுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்ப்பார்கள்.

திருவொற்றியூர்: எங்க தெரு முகாம்ல மேஜை மேல ஒரு நீலப் பெட்டி மட்டும்தான் இருந்துச்சு. அடிக்கிற வெயில்ல மருந்து கெட்டுப் போகாதா?

அந்தப் பெட்டிக்குள் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பேக். நடுவில் மருந்துக் குப்பிகள் 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். மூடியைத் திறந்தால் மேலே ஒரு ஸ்பாஞ்ச் தெரியும், அதில் ஒரு வெட்டு இருக்கும். திறந்த குப்பி அந்த வெட்டில் செருகி நிற்க வேண்டும், மேஜையில் அல்ல.

எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள், அதே அளவு பயப்பட வேண்டியது உறைவதற்கு. கோவாக்சின் என்ற இன்னொரு கொரோனா ஊசியில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்தால் அது திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகிவிடும், வீரியம் போச்சு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் இது நடக்கும். அதனால் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே அடுக்குவார்கள். காலையில் செவிலியர் ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை தெரிந்தவர் என்று நிம்மதியாக உட்காருங்கள்.

சாயங்காலம் போனேன், 'இன்னும் ஆறு பேர் வரட்டும்'னு உட்கார வெச்சாங்க. அலைக்கழிக்கறாங்களா? (பல்லாவரம்)

இல்லை. ஒரு கோவிஷீல்ட் குப்பியில் 10 டோஸ், திறந்தால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். உங்கள் ஒருவருக்காகத் திறந்தால் ஒன்பது பேருடையது வீண். முற்பகலில் போங்கள், அல்லது மாடி வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் என்று ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். குப்பியில் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பி வருவதால் கைப்பழக்கம் உள்ளவர் 11-ஆவது டோஸும் எடுத்துவிடுவார், அது உங்களுடையதைத் திருடியது ஆகாது. இரண்டு குப்பிகளின் அடி மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்குவதுதான் கூடாது.

முழு டோஸ் ஏத்தினாங்களான்னு எப்படித் தெரியும்?

உங்கள் கண் முன்னால் சிரிஞ்சில் எடுக்கச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அளவு 0.5 மில்லி. முகாமில் தருவது பெரும்பாலும் ஒரே முறை வேலை செய்யும் சிரிஞ்ச், அடி வரை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. தோளுக்குக் கீழே தடித்த சதையில் நேராகக் குத்த வேண்டும். சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டினால் இடம் கீழே தள்ளிப்போகும், தளர்ந்த சட்டை போட்டுப் போங்கள். பிறகு 30 நிமிடம் முகாமிலேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும், அதற்கான அட்ரினலின் ஊசி முகாமிலேயே இருக்கும், பஸ்ஸில் இருக்காது.

சின்னச் சின்னக் கேள்விகள், மொத்தமாக:

ஞாயிற்றுக்கிழமை, கறி சாப்பிடலாமா? தாராளமாக. சரக்கு? ஊசியின் வேலையை அது கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் தலைவலி ஊசியாலா குவாட்டராலா என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

சர்க்கரை, பி.பி. இருக்கிறதா? நீங்கள்தான் முதலில் போட வேண்டியவர். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்ட இடத்தை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை 2 முதல் அனுமதி உண்டு. பால் கொடுக்கும் அம்மாக்களுக்கும் உண்டு. மாதவிலக்குக்காக நாள் பார்க்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால், கூடவே இருமலும் இருந்தால், ஊசி மேல் பழி போடாமல் டெஸ்ட் எடுங்கள்.

ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டும் என்கிறார்களே? ஒட்டாது. கோவாக்சினில் இருப்பதும் அலுமினிய உப்புதான். அலுமினியத்தில் காந்தம் ஒட்டுமா என்று வீட்டு இட்லிக் குண்டானில் வைத்துப் பாருங்கள்.

வேளச்சேரி: ரெண்டாவது டோஸ் போட்டு ஒரு மாசம் ஆச்சு. 900 ரூபாய் குடுத்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ்னு வந்திருக்கு. ஊசி வேலை செய்யலையா?

ரிப்போர்ட்டில் எதற்கு எதிரான ஆன்டிபாடி என்று பாருங்கள். கோவிஷீல்ட், வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை (ஸ்பைக்) மட்டும் உடம்புக்கு அறிமுகம் செய்கிறது. வைரஸின் உள்ளே இருக்கும் உள்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட் எடுத்தால், தொற்று வராத ஆளுக்கு நெகட்டிவ்தான் வரும். கோவாக்சின் செயலிழந்த முழு வைரஸ் என்பதால் அதில் கதை வேறு. எப்படி வந்தாலும் அந்த எண்ணை வைத்து யாரும் மூன்றாவது டோஸ் தரப்போவதில்லை. காசு மிச்சம் செய்யுங்கள்.

84 நாள் தாண்டி நாலு மாசம் ஆயிடுச்சு, முதல்ல இருந்து போடணுமா? நடுவுல கொரோனா வந்தா? (குரோம்பேட்டை)

84 நாள் என்பது கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே 2021-இல் இருந்த இடைவெளி. முதலிலிருந்து வேண்டாம், இரண்டாவதை நாளைக்கே போடுங்கள். நடுவில் தொற்று வந்தால் குணமாகி மூன்று மாதம் கழித்து. கோவாக்சினுக்கு அப்போது இடைவெளி 28 நாள். முதலில் போட்டது எதுவோ அதுவே இரண்டாவதும். ரத்ததானம் செய்பவர்கள் ஊசிக்குப் பின் 14 நாள் விட்டுச் செய்யலாம்.

ஆவடி: 9-ஆம் வகுப்பு பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சுட்டான். அவனுக்கு ஊசி இல்லை, வீட்டுல மாமியாருக்கு டயாலிசிஸ். என்ன பண்றதுங்க?

12 வயதுக்கு மேல் போட, ஊசி முனை குத்தாத தடுப்பூசி ஒன்றுக்கு 2021 ஆகஸ்ட் 20-இல் அனுமதி கிடைத்தது, முகாமுக்கு அப்போது வரவில்லை. அதுவரை வீட்டில் உள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் இரண்டு டோஸ் முடியுங்கள். முதலில் மாமியார். டயாலிசிஸ் ஊசிக்குத் தடை இல்லை, ஆனால் அவர் உடம்பில் ஆன்டிபாடி குறைவாகவே உருவாகலாம். அதனால்தான் சுற்றியிருப்பவர்கள் போடுவது அவருக்கு முக்கியம். பையன் வந்ததும் குளியல், பாட்டியோடு ஒன்றாகச் சாப்பாடு கொஞ்ச நாளைக்கு வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

முதல் டோஸ் என் நம்பர்ல, ரெண்டாவது மகன் நம்பர்ல. கோவின்ல ரெண்டும் 'முதல் டோஸ்'னே காட்டுது. (ராயபுரம்)

அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினுக்குள் போனால் 'ரெய்ஸ் அன் இஷ்யூ' என்பதில் இரண்டு முதல் டோஸ் சான்றிதழ்களை ஒன்றாக்கும் வசதி 2021-இல் இருந்தது. இரண்டிலும் பெயரும் அடையாள அட்டை எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரில் பிழை இருந்தால் அதைத் திருத்த ஒரே வாய்ப்புதான், இனிஷியலை எந்தப் பக்கம் போடுவது என்று ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு அப்புறம் பொத்தானை அமுக்குங்கள்.